சில்லறைக் காசுகளின் அணிவகுப்பு

பிறருக்காகக் கையேந்துவோர் ஒரு விசித்திரமான சங்கடத்துக்கு உள்ளாகிறார்கள். தமக்கென்று ஒரு காசும் வேண்டாதவர்களாயிருந்தும், அயலார் வாயிற்படியில் நிற்கும்போது இரப்போருக்குரிய கூச்சம் அவர்களையும் பற்றிக்கொள்ளுகிறது. கொடுப்பவரோ, எதிரே நிற்பவர் உண்மையில் யாருக்காகக் கேட்கிறார், கொடுத்தது உரிய இடத்துக்குப் போய்ச் சேருமா என்னும் ஐயத்தோடுதான் சட்டைப்பையில் கைவிடுகிறார். திருவள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரமும், அதனையடுத்து 'இரவச்சம்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்துவைத்தார். அநாதை விடுதிக்கோ இலவச வைத்தியசாலைக்கோ நிதி திரட்டப் புறப்படும் செயலாளர் ஒருவர், காலையில் முன்னதன் பொருளையும் மாலையில் பின்னதன் பொருளையும் உரையாசிரியர் துணையின்றியே உணர்ந்துகொள்வார்.

இந்தச் சங்கடத்தைத் தணிக்க மனிதர்கள் கண்ட உபாயங்கள் அநேகம். சங்கீதக் கச்சேரி, நாடகம், குலுக்கல் சீட்டு, சட்டையில் குத்திக்கொள்ளும் சிறு கொடி, கடை மேஜைமீது வைத்த உண்டியல் என்று தொடங்கி, கைப்பேசித் திரையில் வந்து நிற்கும் குழந்தையின் முகம் வரையில் அவை நீளுகின்றன. இந்த உபாயங்களுள் பலவற்றை ஒருசேரக் கையாண்டு, அவற்றால் விளையக்கூடிய நன்மையையும் தீமையையும் உலகத்துக்குக் காட்டிய ஒரு ஸ்தாபனத்தின் வரலாற்றை, லாப நோக்கற்ற பணிகளில் ஈடுபட்டோர் மட்டுமன்றி, என்றைக்காவது ஒரு முறை பத்து ரூபாய் நன்கொடை கொடுத்த எவரும் அறிந்துகொள்வது பயனுடையது. அது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இளம்பிள்ளை வாதத்தை ஒழிப்பதற்கென்று 1938-இல் தோன்றி, 'டைம்களின் அணிவகுப்பு' என்ற பெயரால் பிரசித்தி பெற்ற ஸ்தாபனம். டைம் என்பது பத்து சென்ட் பெறுமானமுள்ள அந்நாட்டுச் சிறு காசு.

போலியோ என்று இன்று நாம் வழங்கும் அந்நோய், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நாட்டில் கோடைதோறும் தலைகாட்டிய ஒரு பீதியாக இருந்தது. நேற்றுவரை ஓடி விளையாடிய குழந்தை இன்று காய்ச்சலோடு படுத்து நாளை கால் அசையாமற் கிடக்கும். சிலருக்கு மூச்சு விடும் தசைகளே செயலற்றுப் போகும். நோய் எவ்வாறு பரவுகிறதென்று தெளிவாகத் தெரியாத நிலையில், பெற்றோர் தம் மக்களை நீச்சல் குளங்களுக்கும் திரையரங்குகளுக்கும் அனுப்ப அஞ்சினர். செல்வர் வீடு, எளியவர் வீடு என்ற பேதமும் அதற்கில்லை. 1921 ஆகஸ்டில், காம்போபெல்லோ தீவில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் என்னும் அரசியல்வாதி தமது முப்பத்தொன்பதாம் வயதில் அதற்கு இரையானார். அன்று முதல் தமது கால்களின் வலிமையால் அவர் நடக்கவேயில்லை.

ஜார்ஜியா மாகாணத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்றில் நீந்தினால் தசைகளுக்குச் சிறிது பலம் உண்டாகிறதென்று கேள்விப்பட்டு 1924-இல் அங்குச் சென்ற ரூஸ்வெல்ட், இரண்டாண்டுகளுக்குப் பின்னர், தமது சொத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு, பாழடைந்து கிடந்த அந்த விடுதியையே விலைக்கு வாங்கிவிட்டார். 1927-இல் அது ஒரு தர்ம ஸ்தாபனமாயிற்று. அடுத்த ஆண்டு நியூயார்க் மாகாணக் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவுடன், ஸ்தாபனத்தின் பொறுப்பைத் தமது சக வழக்கறிஞரான பேஸில் ஓ'கானரிடம் ஒப்படைத்தார். ஓ'கானருக்குத் தர்ம காரியங்களில் அப்பொழுது அத்தனை நாட்டம் இல்லை. நண்பரின் வேண்டுகோளைத் தட்ட முடியாமல் ஏற்றுக்கொண்டார். எல்லோரும் முதலில் செய்வதையே அவரும் செய்தார்: தனவந்தர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கண்டார். சில ஆயிரம் டாலர்கள் கிடைக்கவும் செய்தன. ஆனால் 1929-இல் பங்குச் சந்தை சரிந்தபோது, அந்தப் பட்டியலில் இருந்தவர்களே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பத்துப் பேருடைய தயவை நம்பி நடக்கும் ஸ்தாபனத்துக்கு அந்தப் பத்துப் பேருடைய அதிர்ஷ்டமே ஆயுள் ரேகையாகிவிடுகிறது.

1933-இல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். விளம்பரத் தொழிலில் கைதேர்ந்தவரான கார்ல் பாயர் என்பவர் அப்பொழுது ஒரு யோசனை சொன்னார். ஜனாதிபதியின் பிறந்த நாளான ஜனவரி 30-இல் நாடெங்கும் நடன விருந்துகள் நடத்தலாம். பிறர் நடப்பதற்காக நாம் ஆடுவோம் என்று மக்களை அழைக்கலாம். நுழைவுச் சீட்டின் வருமானத்தை நோயாளிகளுக்கு அளிக்கலாம். 1934-இல் ஆயிரக்கணக்கான ஊர்களில் அந்த விருந்துகள் நடந்தன. பெருநகரத்து ஹோட்டலில் பட்டாடை உடுத்தியவர்களும், சிற்றூர்ப் பொது மண்டபத்தில் குடியானவர்களும் ஒரே இரவில் ஒரே காரியத்துக்காகக் கூடினார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தர்மத்துக்குப் பணம் கேட்பதாக இராமல் கொண்டாட்டத்துக்கு அழைப்பதாக அமைந்ததே இந்த வெற்றியின் காரணம். கொடுத்தவர் ஒரு மாலைப் பொழுதின் மகிழ்ச்சியையும் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினார்.

ஆயினும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வசூல் இறங்கலாயிற்று. வசூலான பணம் முழுவதும் எங்கோ தொலைதூரத்திலுள்ள ஒரே ஒரு விடுதிக்குப் போகிறதே, நம் ஊர்ப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று மக்கள் கேட்கத் தொடங்கியது ஒரு காரணம். அதற்குப் பரிகாரமாக 1935 முதல் நூற்றுக்கு எழுபது பங்கை அந்தந்த ஊரிலேயே விட்டுவிட ஏற்பாடு செய்தார்கள். இரண்டாவது காரணத்துக்கு அவ்வளவு எளிதில் பரிகாரம் காண முடியவில்லை. ரூஸ்வெல்ட்டின் பொருளாதாரக் கொள்கைகளை வெறுத்தவர்கள், அவர் பிறந்த நாளுக்கு எதற்காக ஆட வேண்டும் என்று எண்ணினார்கள். ஒரு மனிதரின் புகழை அடிப்படையாகக் கொண்டு எழுப்பிய நிதி, அம்மனிதருடைய பகைவர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சுருங்குவது இயல்பே. நம் நாட்டிலும் தலைவர் பெயரால் தொடங்கிய எத்தனையோ அறநிலையங்கள் தேர்தலுக்குத் தேர்தல் வளர்பிறையும் தேய்பிறையும் காண்பதைப் பார்த்திருக்கிறோம்.

எனவே, 1938 ஜனவரி 3-இல் எந்தக் கட்சியையும் சாராததாக, வார்ம் ஸ்பிரிங்ஸை மட்டும் பேணுவதற்கென்று அமையாததாக, தேசம் முழுவதற்குமான ஒரு புதிய ஸ்தாபனம் நிறுவப்பட்டது. ஓ'கானர் அதற்குத் தலைவரானார். நோயுற்றவர்களுக்குச் சிகிச்சை, நோயின் காரணத்தைக் காண ஆராய்ச்சி, பொது மக்களுக்கு அறிவு புகட்டல் என்னும் மூன்றையும் அது மேற்கொண்டது. பணத்துக்கு என்ன வழி? எட்டி காண்டர் என்று ஒரு பாடகர். வானொலியில் விகடம் செய்து நாட்டையே சிரிக்கவைத்தவர். திரையரங்குகளில் அக்காலத்தில் ஓடிக்கொண்டிருந்த 'காலத்தின் அணிவகுப்பு' என்னும் செய்திப்படத்தின் பெயரைச் சற்றே மாற்றி, 'டைம்களின் அணிவகுப்பு' என்று சொல்லி, ஆளுக்கு ஒரு பத்து சென்ட் காசை உறையிலிட்டு நேரே ஜனாதிபதியின் மாளிகைக்கு அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்கலாம் என்றார் அவர்.

முதல் இரண்டு நாட்கள் வந்த காசுகள் பரிகசிக்கத்தக்க அளவிலேயே இருந்தன. பின்னர் அணை உடைந்தது. நாளொன்றுக்கு ஐயாயிரம் கடிதங்கள் வந்துகொண்டிருந்த வெள்ளை மாளிகைக்கு மூட்டை மூட்டையாகத் தபால் வந்து குவிந்தது. காசுகளை மெழுகில் பதித்து அனுப்பினார்கள், அட்டையில் ஒட்டி அனுப்பினார்கள், பலகாரத்துக்குள் வைத்துச் சுட்டுங்கூட அனுப்பினார்கள். அரசாங்கக் கடிதம் எது, காசு அடங்கிய உறை எது என்று பிரிக்க முடியாமல் தபால் பிரிவினர் திண்டாடியதால், வெளியிலிருந்து ஆட்களை வரவழைக்க வேண்டியதாயிற்று. எண்ணி முடித்தபோது 26,80,000 காசுகள் இருந்தன. மதிப்பு 2,68,000 டாலர். நடன விருந்துகள் முதலாண்டில் ஈட்டிய தொகையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். ஆனால் நிதி திரட்டுவோர் பார்க்க வேண்டிய எண் மற்றொன்று. காசுதோறும் ஒரு கை இருக்கிறது. அந்தக் கை அடுத்த ஆண்டும் காசு போடும்.

இந்த வேண்டுகோளுக்குள் அடங்கியிருந்த நுட்பங்களைச் சற்று நின்று கவனிப்பது தகும். முதலாவது, கேட்ட தொகை. 'இயன்றதைத் தாருங்கள்' என்று கேட்டால், எவ்வளவு கொடுத்தால் கௌரவம், எவ்வளவு கொடுத்தால் குறைவு என்று கொடுப்பவர் குழம்பிப்போய்ப் பெரும்பாலும் கொடுக்காமலே இருந்துவிடுகிறார். பத்து சென்ட் என்று திட்டமாகச் சொன்னதும் அந்தக் குழப்பம் ஒழிந்தது. ஒரு ரொட்டியின் விலை; பொருளாதார மந்தத்தில் அடிபட்ட தொழிலாளியும் கொடுக்கலாம், பள்ளிச் சிறுவனும் கொடுக்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. இரண்டாவது, விலாசம். ஏதோ ஒரு காரியாலயத்தின் தபால் பெட்டிக்கு அனுப்பாமல், தாமும் அந்த நோயால் கால்களின் வலிமை இழந்த ஒரு மனிதருக்கு, அவர் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறோம் என்ற எண்ணம் கொடுத்தவர்களுக்கு உண்டாயிற்று. மூன்றாவது, வழி. கேட்ட மாத்திரத்தில் எழுந்துபோய் உறையில் போட்டு ஒட்டிவிடலாம். இன்று கைப்பேசியில் ஒரு கட்டத்தைத் தொட்டால் பணம் போய்விடும்படி அமைக்கிறார்களே, அந்தச் சௌகரியத்தின் மூதாதை இந்த உறைதான்.

எளியவர் காசைத் திரட்டுவது அவர்கள் கண்ட புதுமையென்று சொல்வதற்கில்லை. 1885-இல் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவியின் சிலையை நிறுத்தப் பீடம் கட்டப் பணமில்லாமல் வேலை நின்றபோது, ஜோசப் புலிட்சர் என்னும் பத்திரிகாதிபதி, எவ்வளவு சிறு தொகை அனுப்பினாலும் அனுப்பியவர் பெயரைத் தமது தினசரியில் அச்சிடுவதாக அறிவித்து, ஐந்தே மாதத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்த்துவிட்டார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. பத்திரிகையின் விற்பனையும் கூடவே ஏறிற்று என்பதை அவருடைய உதாரகுணத்தைப் போற்றுவோர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஆனால் பீடம் கட்டி முடிந்ததும் புலிட்சரின் வேலை முடிந்தது. ஓ'கானர் எதிர்நோக்கிய நோயோ ஆண்டுதோறும் வந்தது. ஆதலால் காசும் ஆண்டுதோறும் வர வேண்டியிருந்தது.

அதற்கென அவர் அமைத்த நிர்வாகம், விளம்பரத்தைக் காட்டிலும் அதிகமாகக் கற்றுக்கொள்ளத்தக்கது. நாட்டின் மாவட்டங்கள்தோறும், மொத்தத்தில் ஏறத்தாழ மூவாயிரம் கிளைகள் தோன்றின. வசூலில் பாதி அந்தந்தக் கிளையிலேயே தங்கி, அவ்வூர் நோயாளிகளின் சிகிச்சைக்குச் செலவாகும். மறுபாதி தலைமை நிலையத்துக்குச் சென்று ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பயன்படும். பணமில்லை என்ற காரணத்தால் எந்த இளம்பிள்ளை வாத நோயாளியும் சிகிச்சையின்றி இருக்கலாகாது என்று ஸ்தாபனம் வாக்களித்தது. மூச்சுத் தசை செயலற்றவர்களை உயிரோடு வைத்திருக்க 'இரும்பு நுரையீரல்' என்றொரு யந்திரம் உண்டு. நோயாளியின் கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் ஓர் இரும்பு உருளைக்குள் இருக்க, உள்ளே காற்றழுத்தம் மாறி மாறி அவருடைய மார்பை விரித்துச் சுருக்கும். 1930-களில் அதன் விலை சுமார் 1,500 டாலர். சாதாரண மனிதர் ஒருவர் வீடு வாங்கும் பணம். ஸ்தாபனம் அவற்றை வாங்கிப் பல இடங்களில் சேமித்து வைத்து, எங்கே நோய் வெடித்ததோ அங்கே விரைந்து அனுப்பியது. பக்கத்துத் தெருப் பையன் மூச்சு விடுவது தாம் போட்ட காசினால் என்பதை மக்கள் கண்ணால் கண்டார்கள். அச்சடித்த ஆண்டறிக்கை எத்தனை அழகாயிருந்தாலும், இப்படிப்பட்ட கணக்கொப்பித்தலுக்கு அது ஈடாகாது.

வாக்குறுதியின் அளவுக்கு நடத்தை எட்டாத இடமும் இருந்ததை மறைப்பதற்கில்லை. நிறபேதமின்றி எல்லோரிடமும் காசு பெற்ற இயக்கத்தின் தாய்வீடாகிய வார்ம் ஸ்பிரிங்ஸில் கறுப்பின நோயாளிகளுக்கு இடமளிக்கவில்லை. அது குறித்து எழுந்த கண்டனங்களுக்குப் பின், அலபாமாவிலுள்ள டஸ்கிகியில் அவர்களுக்கென்று தனி மருத்துவ நிலையம் ஒன்று 1941-இல் ஸ்தாபனத்தின் பணத்தால் திறக்கப்பட்டது. தனி நிலையம் கட்டியது ஓர் உதவியே; ஆயினும் காசு ஒரே உண்டியலில் விழுந்தது, கட்டில் மட்டும் வேறு வேறு இடத்தில் போடப்பட்டது.

விளம்பரத்தின் பக்கம் திரும்புவோம். திரையரங்குகளில் படத்தின் நடுவே விளக்குகளை ஏற்றி, புகழ்பெற்ற நடிகை ஒருத்தி திரையில் தோன்றி வேண்டிக்கொண்டதும், சிப்பந்திகள் வரிசை வரிசையாக உண்டியல் குலுக்கி வந்தார்கள். காசுகளைச் செருகிவைப்பதற்கேற்ற சிறு துளைகளையுடைய அட்டைகள் வீடுதோறும் பள்ளிதோறும் வழங்கப்பட்டன; பாதி நிரம்பிய அட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மாயிருக்க எந்தக் குழந்தைக்கும் மனம் வராது. 1946 முதல் ஆண்டுதோறும் ஒரு குழந்தையின் படம் சுவரொட்டியில் வந்தது. முதலாண்டுப் படத்தில், நோய்க்கட்டிலில் பட்டைகளால் கட்டுண்டு நின்ற சிறுவனே, பக்கத்தில் மிடுக்காக நடந்து வருவதுபோலவும் காட்டப்பட்டிருந்தான். துயரத்தை மட்டும் காட்டினால் பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்; துயரமும் அது தீர்ந்த விதமும் ஒரே தாளில் இருந்தால், இடையில் தமது காசுக்கு ஓர் இடம் இருப்பதை உணர்வார். இந்த வித்தையை இன்றுவரை எவரும் விஞ்சவில்லை.

ஆனால் இதே விளம்பரம் மற்றோர் உருவிலும் வந்தது. நோயைக் கறுத்த நிழலாக உருவகித்து, அது வயல்களிலும் வீதிகளிலும் குழந்தைகளைத் தேடி ஊர்ந்து வருவதாகக் காட்டிய குறும்படம் ஒன்று ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. உள்ளபடியே, அந்நாளில் இளம்பிள்ளை வாதத்தைவிடக் காசநோயும் புற்றுநோயும் இருதய நோயும் எத்தனையோ மடங்கு அதிகமான உயிர்களைக் கொண்டுபோயின. அவற்றுக்காக நிதி திரட்டியவர்களோ இத்தனை பணத்தைக் கனவிலும் கண்டதில்லை. பல தர்ம ஸ்தாபனங்கள் சேர்ந்து ஒரே வசூலாக நடத்திப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தபோது, ஓ'கானர் பிடிவாதமாக மறுத்துவிட்டார். பயத்தை மூலதனமாக்கினால் வருமானம் பெருகும் என்பதில் சந்தேகமில்லை. பெற்ற தாயின் நெஞ்சில் ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பயத்தைப் புதுப்பித்துவிட்டு, அதற்கே மருந்து கொண்டுவருகிறோம் என்று சொல்வதில் ஒரு குரூரம் உண்டென்றே நான் கருதுகிறேன். சுவரொட்டியில் வந்த குழந்தைகளைப் பரிதாபத்தின் சின்னமாக நிறுத்தியதைப் பிற்காலத்தில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசியோர் வன்மையாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்திலும் நியாயம் இருக்கிறது.

இந்த இயக்கத்தின் ஒப்பற்ற உபாயமாக நான் நினைப்பது, விளம்பர நிபுணர் எவரும் அதிகமாகக் கையிடாத ஒன்று. 1950 ஜனவரியில் அரிஸோனா மாகாணத்து ஃபீனிக்ஸ் நகரில், உள்ளூர்க் கிளையினர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். குறித்த ஒரு மாலையில், ஒரே ஒரு மணி நேரம், அவ்வூர்த் தாய்மார்கள் தத்தம் தெருக்களில் நடந்துவருவார்கள். கொடுக்க விரும்புவோர் தம் வீட்டு முகப்பு விளக்கை ஏற்றி வைக்க வேண்டும். விளக்கெரியும் வீட்டுக் கதவு மட்டுமே தட்டப்படும். மார்கழியில் பஜனை கோஷ்டி வரும் வீதியில் வாசல் விளக்கேற்றிக் காத்திருக்கும் வீடுகளைப்போல, அன்று தெருத்தெருவாக விளக்குகள் எரிந்தன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் புறப்பட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 45,000 டாலர் சேர்ந்தது. அடுத்த ஆண்டே 'தாய்மார் நடை' நாடெங்கும் பரவியது.

இந்த ஒரு விளக்கு எத்தனை முடிச்சுகளை அவிழ்த்துவிட்டதென்று பாருங்கள். கேட்பவளுக்குக் கூச்சம் போயிற்று; கதவைத் தட்டுமுன்பே வீட்டார் இசைந்திருக்கிறார்கள். கொடுப்பவருக்கு எரிச்சல் இல்லை. அழையா விருந்தாக எவரும் வரவில்லை. வருபவள் முன்பின் அறியாத சம்பளக்காரியல்லள், மூன்றாம் வீட்டுக்காரி. அவள் மடியிலும் ஒரு குழந்தை இருக்கிறது. ஆதலால் ஐயத்துக்கும் இடமில்லை. ஒரு மாலை என்று வரையறுத்ததால் ஆண்டு முழுவதும் நடமாட வேண்டிய பாரம் தொண்டர்களுக்கும் இல்லை. இதில் வேறொரு சூட்சுமமும் அடங்கியிருந்தது: தெரு முழுவதும் விளக்கெரியும்போது தன் வீடு மட்டும் இருண்டிருப்பதை எந்தக் குடும்பஸ்தரும் விரும்பமாட்டார். இந்தக் கடைசி அம்சம் தர்மத்தின் பாற்பட்டதா, நிர்ப்பந்தத்தின் பாற்பட்டதா என்று வாதிக்கலாம். பெருந்தொகை செலவிட்டு அயலூர் ஆட்களை ஏவிக் கதவைத் தட்டச் செய்யும் இந்நாளைய ஸ்தாபனங்கள், அந்த வாதத்தைப் பின்னர் வைத்துக்கொண்டு, முதலில் இந்த ஏற்பாட்டைப் படிக்கலாம்.

ஏனெனில் வசூலுக்காகும் செலவே பல அறப்பணிகளை விழுங்கிவிடுகிறது. அதே நாட்டில் அதே நோயின் பெயரால் நிதி திரட்டிய வேறோர் அமைப்பில், கடிதங்கள் அச்சிட்டு அனுப்பும் பொறுப்பை ஏற்ற வர்த்தக நிறுவனத்துக்கே வசூலின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்ததென்பது 1960-இல் வெளிப்பட்டு, நிர்வாகிகள் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. நூறு ரூபாய் சேர்க்க எத்தனை ரூபாய் செலவாயிற்று என்ற ஒரு கேள்வியை நன்கொடையாளர் கேட்கக் கற்றுக்கொண்டால், பளபளப்பான பல துண்டுப் பிரசுரங்கள் தாமே மறைந்துபோகும்.

காசுகள் என்ன செய்தன? ஸ்தாபனத்தின் உதவிபெற்று பாஸ்டனில் ஆராய்ந்த எண்டர்ஸ் முதலிய மூவர், நோய்க் கிருமியை நரம்பல்லாத திசுக்களிலும் வளர்க்கலாம் என்று 1949-இல் காட்டினர். அதற்காக 1954-இல் நோபல் பரிசு பெற்றனர். பிட்ஸ்பர்கில் ஜோனாஸ் ஸால்க் தடுப்பு மருந்தைத் தயாரித்தார். 1952-இல் நோய் உச்சத்தை எட்டி, அவ்வோராண்டில் ஏறக்குறைய 58,000 பேரைத் தாக்கியிருந்தது. 1954-இல் அந்த மருந்தைச் சோதிப்பதற்கு 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் பங்குகொண்டார்கள். பெற்றோர்கள் தாமாக முன்வந்து கையெழுத்திட்டார்கள். பதினாறு ஆண்டுகள் காசு போட்டுப் பழகிய மக்களுக்கு அது தங்கள் சொந்த மருந்தாகத் தோன்றியிருக்க வேண்டும். அந்தச் சோதனையைப்பற்றி அறிந்திருந்தவர்களின் தொகை, தங்கள் ஜனாதிபதி ஐஸன்ஹோவரின் முழுப்பெயர் தெரிந்தவர்களின் தொகையைவிட அதிகமென்று அக்காலத்து மக்கள் கருத்துக் கணிப்பொன்று கண்டது. 1955 ஏப்ரல் 12-இல், ரூஸ்வெல்ட் காலமாகிச் சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாளில், மருந்து பயனளிக்கிறதென்ற அறிவிப்பு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தபோது ஊர்களில் மாதாகோயில் மணிகள் முழங்கின. நாளைத் தேர்ந்தெடுத்ததிலும் விளம்பரக் கை இருந்ததென்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மருந்தின் உரிமை யாருக்கென்று தொலைக்காட்சியில் கேட்டபோது, அது மக்களுடையது என்னும் பொருள்பட ஸால்க் விடையளித்தார். அதற்குக் காப்புரிமை பெற இயலுமா என்று வழக்கறிஞர்கள் முன்னரே ஆராய்ந்து, இயலாதென்ற முடிவுக்கு வந்திருந்தனர் என்பது வேறு விஷயம். விடை என்னவோ நியாயமானதுதான், விலை கொடுத்தவர்கள் மக்களே.

வெற்றிக்குப் பின் வந்தது சோதனை. மருந்து கிடைத்துவிட்டது, இனி எதற்குக் காசு என்று மக்கள் கைகளை மடக்கிக்கொண்டார்கள். முன்னரே நோயுற்றுக் கிடந்த ஆயிரக்கணக்கானோரின் சிகிச்சைச் செலவு மட்டும் நிற்கவில்லை. மருந்து வந்த செய்தியின் ஆரவாரத்தில் அவர்களுடைய குரல் அமுங்கிவிட்டது. தான் தோன்றிய காரணம் தீர்ந்தபின் ஒரு ஸ்தாபனம் கலைந்துவிட வேண்டுமா, அல்லது மூவாயிரம் கிளைகளையும் லட்சக்கணக்கான தொண்டர்களையும் வேறொரு நற்பணிக்குத் திருப்ப வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1958-இல் ஓ'கானர் பின்னதைத் தேர்ந்தெடுத்து, பிறவிக் குறைபாடுகளையும் மூட்டு வாதத்தையும் புதிய பணியாக அறிவித்தார். பதவியை விட மனமில்லாதவர்கள் புதுக் காரணம் தேடிக்கொண்டார்கள் என்று பழித்தவர்கள் அப்பொழுதும் இருந்தார்கள். அவ்வாறு பழிப்பது எளிது. அணிதிரண்ட ஒரு தொண்டர் படையை மறுபடி ஒன்றுசேர்க்க ஒரு தலைமுறை ஆகும் என்பதை அறிந்தவர்கள், அதைக் கலைத்துவிடச் சொல்லத் தயங்குவார்கள். அந்த ஸ்தாபனம் இன்றும் நடக்கிறது. குறைமாதப் பிரசவங்களைத் தடுப்பது அதன் முக்கிய கவலைகளுள் ஒன்றாக இருக்கிறது. இளம்பிள்ளை வாதத்தின் பெயரைக் கேட்ட அளவில் காசு போட்ட பழைய வேகத்தை மட்டும் அது திரும்பப் பெறவேயில்லை.

நோய் அமெரிக்காவை விட்டகன்ற பின்னும் உலகின் ஏனைய பாகங்களில் இருந்துகொண்டிருந்தது. 1985-இல் ரோட்டரி சங்கத்தார் அதை உலகத்தினின்றே ஒழிக்க 12 கோடி டாலர் திரட்டுவதென்று உறுதி பூண்டு, மூன்றே ஆண்டுகளில் 24 கோடியே 70 லட்சம் டாலர் சேர்த்தார்கள். அதற்கும் முன்பே, 1980-களின் தொடக்கத்தில், நமது வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிருமியியல் அறிஞர் ஜேக்கப் ஜான், அவ்வூர் ரோட்டரி சங்கத்தின் துணையோடு, குறித்த நாட்களில் ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் ஒருசேரச் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை நடத்திக் காட்டியிருந்தார். 1995 முதல் இந்தியா முழுவதும் அது அரசாங்கத் திட்டமாகி, பஸ் நிலையத்திலும் ரயிலடியிலும் மேஜை போட்டு உட்கார்ந்த தொண்டர்களை நாமெல்லோரும் கண்டோம். இந்நாட்டில் கடைசியாக ஒரு குழந்தை அந்நோய்க்கு ஆளானது 2011 ஜனவரியில், ஹௌராவில்; 2014 மார்ச் 27-இல் நோயற்ற பிரதேசமென்ற சான்று கிடைத்தது.

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் அக்கிருமி இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஆகவே ரோட்டரி சங்கத்தினர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓ'கானருக்கு இருந்த வசதி அவர்களுக்கு இல்லை. அடுத்த தெருவில் இரும்பு நுரையீரல் கிடையாது, கோடைப் பீதி கிடையாது, கேட்கப்படுபவரின் பிள்ளைகளுக்கு அந்நோயின் பெயர்கூடத் தெரியாது. அதனால் அவர்கள் வேறோர் உபாயத்தைக் கையாளுகிறார்கள். உறுப்பினர்கள் திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் பில் கேட்ஸின் அறநிலையம் இரண்டு டாலர் சேர்த்துக் கொடுக்கிறது. ஆண்டுக்கு ஐந்து கோடி டாலர் வரையில் இந்த ஒப்பந்தம் செல்லும். நூறு ரூபாய் போடுகிறவர் முந்நூறு ரூபாய்க்கான பலனைக் காண்கிறார். கோடீசுவரரின் பணமோ, எளியவர்கள் தம் பங்கைப் போட்டாலொழிய அந்த வழியில் வராது.